விசுக்கோத்தும் என் சிவப்பு மையும்



போன ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ மைதாவில் வீட்டில் பிஸ்கட் போட்டேன். ஓவன் எல்லாம் நம்மிடம் கிடையாது. மாவைச் சப்பாத்தி மாதிரி கனமாகத் தேய்த்து, கத்தியால் சாய்சதுரமாகக் கீறி, எண்ணெயில் பொரித்து எடுப்பதுதான். பேரனுக்குக் காட்டலாமே என்று ஒரு படம் எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் போட்டேன். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் அங்கே பட்டிமன்றமே நடந்துவிட்டது.

சென்னைச் சம்பந்தி அம்மா, "கலகலா நல்லா பொரிஞ்சிருக்கு" என்று எழுதினார்கள். மதுரையில் இருக்கும் நாத்தனார், "மதினி, இது இனிப்பு துக்கடால்லா?" என்றாள். பெங்களூரில் இருக்கும் கொழுந்தன் மனைவி, "அக்கா, எங்க பக்கத்து வீட்டில் இதுக்குப் பேர் சங்கரபாளி" என்றாள். என் தம்பி, "சின்னப் பிள்ளையில இருந்து டைமன் பிஸ்கட்னுதானே சொல்லுவோம், இப்ப என்ன புதுசா?" என்று கோபப்பட்டான். கடைசியாக அமெரிக்காவில் இருக்கும் பேரன், "ஆச்சி, உங்க குக்கி சூப்பர்" என்று குரல் பதிவு அனுப்பினான். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "பேர் எதுவா இருந்தா என்ன, டப்பாவை இங்க தள்ளு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பல வருஷங்களுக்கு முன் நான் திருத்திய ஒரு கட்டுரை நோட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தப் பெயர்களின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றாலும் டீச்சர் புத்தி போகுமா?

முதலில் துக்கடா. இந்தியில் 'டுக்டா' என்றால் துண்டு. அதுதான் நம் வாயில் துக்கடா ஆயிற்று. கச்சேரியில் கடைசியில் பாடுகிற சின்னச் சின்ன உருப்படிகளையும் துக்கடா என்பது இதனால்தான். ஆக, மாவைத் துண்டு போட்டதால் வந்த பெயர். டைமன் என்பது வடிவத்தால் வந்தது. கலகலா என்று கேட்டால் டப்பாவைக் குலுக்கும்போது வருகிற சத்தம்தான் எனக்கு நினைவு வரும். கோவாப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு இதே மாதிரி மாவை முள்கரண்டியின் முதுகில் வைத்து உருட்டி, சிப்பி போலச் சுருட்டிப் பொரிப்பார்கள். அதை 'குல்குல்' என்கிறார்கள்.

சங்கரபாளி என்ற பெயரைக் கேட்டு, ஏதோ சிவன் கோயில் பிரசாதம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது மராத்தி வழியாக வந்த சொல். பாரசீகத்தில் 'ஷக்கர்' என்றால் சர்க்கரை, 'பாரா' என்றால் துண்டு. ஷக்கர்பாரா என்பதுதான் வாய்க்கு வாய் மாறி சங்கரபாளி ஆனது. அதில் சங்கரன் இல்லை, சர்க்கரைதான் இருக்கிறது! அந்த ஷக்கரும் நம் சர்க்கரையும் 'சர்க்கரா' என்ற ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து கிளைத்தவை. சர்க்கரா என்பதற்கு முதலில் பருக்கைக்கல் என்றுதான் பொருள். வெல்லம் போல் உருண்டையாக இல்லாமல் கல் கல்லாக இருந்ததால் அந்தப் பெயர்.

இனி பிஸ்கட்டுக்கு வருவோம். இதன் தாய்வீடு இலத்தீன் மொழி. 'பிஸ்' என்றால் இரண்டு தடவை, 'கோக்டஸ்' என்றால் சமைத்தது. இரண்டு முறை சுட்டது என்று பொருள். எதற்காக இரண்டு முறை? அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பலில் மாதக் கணக்கில் போக வேண்டும். சாதாரண ரொட்டி நாலு நாளில் பூசணம் பிடித்துவிடும். அதனால் ஒருமுறை சுட்டதை மறுபடியும் அடுப்பில் வைத்து, ஈரமே இல்லாமல் காய வைத்து எடுத்துப் போனார்கள். கல் போல இருக்கும், ஆனால் கெடாது. இன்றைக்கு நாம் டீயில் தொட்டுச் சாப்பிடுகிறோமே ரஸ்க், அதுதான் அந்தப் பொருளுக்குச் சரியாகப் பொருந்துவது. தனித்தமிழ் அன்பர்கள் பிஸ்கட்டுக்கு 'ஈரட்டி' என்று ஒரு சொல் செய்திருக்கிறார்கள். ஈர் என்றால் இரண்டு. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை எல்லாம் அந்த வேரில் வந்தவைதான். அழகான சொல்.

இந்தக் கணக்கில் பார்த்தால் நான் போட்டது பிஸ்கட்டே இல்லை. அது அடுப்பில் சுட்டதும் இல்லை, இரண்டு முறை வெந்ததும் இல்லை. எண்ணெயில் ஒரே முறை குதித்து எழுந்தது. ஆனாலும் நம் ஊர் வீடுகளில் அதுதான் பிஸ்கட். ஓவன் இல்லாத வீடு எண்ணெய்ச் சட்டியில் பிஸ்கட் செய்துகொண்டது. பெயர் வந்தது, கூடவே அடுப்பு வரவில்லை.

ஆனால் எங்கள் ஆச்சி அடுப்பையும் விடவில்லை. அம்மாவைப் பெற்றவள், எழுதப் படிக்கத் தெரியாது. கிறிஸ்தவர்கள் நிறைய உள்ள தெருவில் குடியிருந்ததால் நெய் பிஸ்கட் செய்யும் வித்தையை அவர்களிடம் கற்றுக்கொண்டாள். ஒரு பழைய பாத்திரத்தில் ஆற்று மணலைக் கொட்டி, விறகடுப்பில் வைத்துச் சூடேற்றுவாள். அதன்மேல் ஒரு தட்டில் மாவு உருண்டைகளை இடைவெளி விட்டு வைத்து மூடுவாள். மூடியின் மேலே தணலை அள்ளிப் போடுவாள். அடியிலும் சூடு, மேலேயும் சூடு. வாசனையை வைத்துத்தான் பக்குவம் பார்ப்பாள். கடிகாரம் எல்லாம் கிடையாது.

அளவு சொல்கிறேன், பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். மைதா 2 கப், பொடித்த சீனி 1 கப், நெய் 1 கப், ஏலக்காய் கொஞ்சம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடக் கூடாது. தண்ணீர் பட்டால் மைதா இழுவை கொடுத்து பிஸ்கட் கடினமாகிவிடும். நெய்யில் மட்டும் பிசைந்தால்தான் வாயில் போட்டதும் உதிரும். வட இந்தியாவில் நான்கட்டாய் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். 'நான்' என்றால் பாரசீகத்தில் ரொட்டி. சூரத் நகரத்தில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன பேக்கரியை ஒரு பார்சிக் குடும்பம் ஏற்று நடத்தியதில்தான் அது பிறந்தது என்று சொல்வார்கள்.

ஆச்சி அதை நான்கட்டாய் என்றும் சொல்லவில்லை, பிஸ்கட் என்றும் சொல்லவில்லை. அவள் வாயில் அது 'பிஸ்கோத்து'. "ஏளா, ரெண்டு பிஸ்கோத்து எடுத்துக்கோ, மிச்சத்தை உன் தம்பிக்கு வை" என்பாள். எங்கள் தெருவில் வேறு சிலர் பிஸ்கட்டை 'ரொட்டி' என்பார்கள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் ரொட்டி வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது அன்றைய வழக்கம்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில், விடுதியில் ஒருநாள் வாய் தவறி பிஸ்கோத்து என்று சொல்லிவிட்டேன். டவுன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு மாதம் எனக்கு 'பிஸ்கோத்து' என்றே பட்டப்பெயர். அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, "பிஸ்கோத்து இல்ல ஆச்சி, பிஸ்கட்டுன்னு சொல்லு" என்று அவளையும் திருத்தினேன். அவள், "உனக்குப் பிஸ்கட்டு, எனக்குப் பிஸ்கோத்து, போ" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிஸ்கட் என்பதுதான் சரி என்று நாங்கள் எல்லோரும் நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது தாளில் அச்சடித்து வந்த சொல். ஆங்கிலேயர் காலத்தில் இங்கிலாந்திலிருந்து தகர டப்பாக்களில் பிஸ்கட் இறங்கியது. பிறகு நம்மவர்களே செய்ய ஆரம்பித்தார்கள். கேரளத்தில் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880இல் ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கினார். பர்மாவில் அந்தத் தொழிலைக் கற்று வந்தவர் அவர். கல்கத்தாவில் 1892இல் 295 ரூபாய் முதலீட்டில் ஒரு சிறிய வீட்டில் தொடங்கியதுதான் பின்னாளில் பிரிட்டானியா ஆனது. பம்பாயில் வில்லே பார்லே பகுதியில் 1929இல் தொடங்கிய பார்லே, 1939 வாக்கில் குளுக்கோஸ் பிஸ்கட்டுக்கு வந்தது. பொட்டலத்தில் அச்சடித்த பெயர் கடைக்கு வந்தது, கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வீட்டில் செய்த பண்டத்தின் பெயர் அடுக்களையோடு நின்றுவிட்டது.

இப்போது அந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அது 1985ஆம் வருஷம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக ஒவ்வொரு ஊராகப் பிரித்து அனுப்பப்பட்ட காலம். எங்கள் பள்ளிக்கும் சில பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை. பேச்சே வராது. பேசினால் என்னை 'ரீச்சர்' என்று கூப்பிடுவாள், மற்ற பிள்ளைகள் சிரிக்கும். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். அவளுக்கு அப்போது இருந்தது முகாமில் ஓர் அறை. அவள் எழுதியதோ கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த வீட்டைப் பற்றி. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: அம்மம்மா குசினியில் விசுக்கோத்து செய்து தகரப் பேணியில் போட்டு வைப்பா.

நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். 'குசினி'யை அடித்துச் 'சமையலறை' என்று எழுதினேன். 'விசுக்கோத்து'வை அடித்துப் 'பிஸ்கட்' என்று எழுதினேன். 'பேணி'யைச் சுற்றி வட்டம் போட்டுக் கேள்விக்குறி இட்டேன். 'வைப்பா' என்பதை 'வைப்பார்' ஆக்கினேன். 10க்கு 6 மார்க் போட்டேன்.

நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் என் மேசைக்கு வந்தாள். வகுப்பில் அவளாக எழுந்து வந்து பேசியது அதுதான் முதல் தடவை. "ரீச்சர், பிஸ்கட் கடையில வாங்கிறது. அம்மம்மா செய்யிறது விசுக்கோத்து" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது, போய் உட்கார்" என்றேன். ஆச்சியின் பிஸ்கோத்தைக் கேட்டு வளர்ந்த நான்தான் அப்படிச் சொன்னேன்! விடுதியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் மறைத்த சொல்லை இந்தப் பிள்ளை எல்லோர் முன்னாலும் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இன்று யோசிக்கும்போது அதுதான் காரணம் என்று தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கட்டுரைகளில் பாடப் புத்தகத்துச் சொற்களை மட்டுமே எழுதினாள். பிழையே இருக்காது, நல்ல மார்க் வாங்கினாள். ஆனால் அம்மம்மா மறுபடி எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. அடுத்த வருஷம் அந்தக் குடும்பத்தை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, வேறொரு பள்ளியில் இருந்தபோது, என் மகனின் வீட்டுப்பாடத்துக்காக ஒரு பெரிய தமிழ் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு சொல்லைத் தேடப் போய் பிஸ்கோத்து கண்ணில் பட்டது. ஆச்சியின் பிஸ்கோத்து! பக்கத்தில் போர்த்துகீசு மொழியிலிருந்து வந்தது என்று குறித்திருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எது கிடைத்தாலும் விடாமல் படித்தேன்.

போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498இல். 1505இல் இலங்கைக்குப் போனார்கள். 1530களில் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் பிஸ்கட்டுக்கு 'பிஸ்கோய்த்து' என்று பெயர். கப்பலோடு அதுவும் இறங்கியது. நம் தமிழில் சொல்லுக்கு முதலில் அழுத்தமான 'ப' ஒலி கிடையாது. அதனால் எங்கள் கரையில் அது பிஸ்கோத்து ஆனது, எதிர்க்கரையில் வகரம் பெற்று விசுக்கோத்து ஆனது. இரண்டும் ஒரே சொல். நடுவில் கொஞ்சம் கடல், அவ்வளவுதான்.

குசினியும் அப்படித்தான். போர்த்துகீசில் 'குசிஞ்ஞா' என்றால் சமையலறை. ரொட்டியை அவர்கள் 'பாண்' என்கிறார்கள், செருப்பு வகையைச் 'சப்பாத்து' என்கிறார்கள், இரண்டும் போர்த்துகீசுச் சொற்களே. இதையெல்லாம் கேட்டு நாம் சிரிக்கலாமா? நாம் சாவி, அலமாரி, ஜன்னல், மேசை, ஏலம் என்கிறோமே, இவை மட்டும் எங்கிருந்து வந்தன? அதே கப்பலில் வந்தவைதான். நான் மேசையில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்து எடுத்த நோட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பிள்ளையின் குசினியை அடித்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1795இல்தான். பிஸ்கட் என்ற ஆங்கிலச் சொல் அதற்குப் பின்னால்தான் அங்கே காலூன்றியிருக்க முடியும். அப்படியானால் நான் அடித்த சொல் மூத்தது. நான் அதற்கு மேலே சிவப்பில் எழுதிய சொல் அதற்குத் தங்கை. தமிழில் அப்படி ஒரு சொல் கிடையாது என்று தங்கையை வைத்துக்கொண்டு அக்காளை வெளியே தள்ளியிருக்கிறேன்.

பேரனின் குக்கிக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். அதுவும் நமக்குப் புதியது இல்லை. டச்சு மொழியில் 'கூக்' என்றால் கேக். 'கூக்கியே' என்றால் குட்டிக் கேக். இன்றைய நியூயார்க் 1664 வரை டச்சுக்காரர் கையில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரில் இருந்தது. அவர்கள் வழியாகத்தான் அமெரிக்கர்களுக்குக் குக்கி வந்தது. அமெரிக்காவில் பிஸ்கட் என்று கேட்டால் மெத்தென்ற ஒரு குட்டி ரொட்டியைக் கொடுப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

அதே டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தையும் தூத்துக்குடியையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இலங்கையில் இன்றும் புத்தாண்டுக்கு 'கொக்கிஸ்' என்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, பூ அச்சைச் சூடான எண்ணெயில் காய்ச்சி, மாவில் தோய்த்துப் பொரிப்பது. பேர் டச்சுக் 'கூக்கியே'தான். பார்த்தால் நம் அச்சு முறுக்கு! கேரளத்தில் அச்சப்பம், மங்களூர்க் கத்தோலிக்கர் வீட்டில் கோக்கிசன், ஆந்திராவில் ரோஜாப்பூ என்று பொருள்படும் குலாபி புவ்வுலு, ஆங்கிலோ இந்தியர் வீட்டில் ரோஸ் குக்கி. என் பேரன் புதிதாகக் கற்றுக்கொண்டதாக நினைக்கும் சொல், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ தலைமுறையாகப் பாட்டிமார் வாயில் இருக்கிறது. அவனிடம் சொன்னேன். "அப்ப நான் சொன்னதுதான் கரெக்ட்டா ஆச்சி?" என்றான். "நீ சொன்னதும் கரெக்ட்டு" என்றேன்.

அதுதான் நான் சொல்ல வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பண்டம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கிலிருந்து வந்தால் துக்கடா, கடல் வழியாக வந்தால் பிஸ்கோத்து, கடை வழியாக வந்தால் பிஸ்கட். தேர்வுத்தாளில் பொதுச்சொல் எழுதப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், அது நம் கடமை. ஆனால் அதற்காக வீட்டுச் சொல்லை அடிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொன்றை எழுதி, "இப்படியும் சொல்வார்கள்" என்றால் போதும். என் மாணவர்களில் பதினைந்து பேருக்கு மேல் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். வடமாநிலத்துத் தொழிலாளர் பிள்ளைகள், மலைக்கிராமத்துப் பிள்ளைகள் எல்லாம் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். புரியாத ஒரு சொல் நோட்டில் வந்தால், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இது என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மம்மா விசுக்கோத்து எப்படிச் செய்வார் என்று தெரிந்திருக்கும். எங்கள் ஆச்சி போல மணலில் சுட்டாரா, நெய் போட்டாரா, தேங்காய் போட்டாரா? இன்று வரை எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். எந்த நாட்டில் இருக்கிறாளோ. பெயரை இங்கே எழுதவில்லை, அவளுக்கு விருப்பம் இருக்குமோ இல்லையோ. அம்மா, யார் மூலமாவது இது உன் கண்ணில் பட்டால், உன் வரியில் பிழை எதுவும் இல்லை. பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்.

நீளமாக எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் அம்மாவும் ஆச்சியும் அப்பத்தாவும் இதை என்ன பெயரில் சொன்னார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. டீச்சர் திருத்த மாட்டேன்.